மேடையிலிருந்து திரைக்கு: கோலாலம்பூரில் நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவில் திருவிழாவுக்கோ, பல்கலைக்கழகக் கலை இரவுக்கோ, மணிமன்ற ஆண்டு விழாவுக்கோ நாடகம் எழுதிக் கைத்தட்டல் வாங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்து ஒரு குறும்படமோ, தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் டெலிமூவியோ எழுத வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரைக்கதை என்றதும் பலர் மேடையில் கற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கார் துரத்தல், மூன்று ஊர், முப்பது கதாபாத்திரம் என்று எழுத ஆரம்பிக்கிறார்கள். இங்கே தமிழ்ப் படங்களும் டெலிமூவிகளும் சின்னப் பட்ஜெட்டில் எடுக்கப்படுபவை. நாலு பேரை ஒரே வீட்டுக்குள் வைத்து, பார்க்கிறவர் எழுந்து போகாதபடி ஒன்றரை மணி நேரம் கதையை நகர்த்தத் தெரிந்த எழுத்தாளர்தான் தயாரிப்பாளருக்கு வேண்டும். நாடகக்காரருக்கு அது ஏற்கெனவே கைவந்த வேலை. மாற வேண்டியது வேறு: மேடையில் வாய் சுமக்கும் கதையைத் திரையில் கண் சுமக்க வேண்டும்.

கே. பாலசந்தரின் தொடக்க காலத்தைப் பாருங்கள். சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் அவர். 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டு அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. மறு ஆண்டு அவரே இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’யும் அவருடைய நாடகம்தான். அதன் கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’ பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டைச் சுற்றியே போகிறது. மேடையின் எல்லையை அவர் உதறவில்லை, அதையே கதையின் பலமாக வைத்துக்கொண்டார். வேலையை விடாமலே எழுதத் தொடங்கியதையும் கவனியுங்கள். முதல் படத்துக்கு ஒப்பந்தம் ஆனதுமே ராஜினாமா கடிதம் எழுதுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து பொறுங்கள்.

மேடையை விடாதீர்கள்

திரைக்கு எழுதத் தொடங்கினாலும் வருடத்துக்கு ஒரு நாடகமாவது பாருங்கள், முடிந்தால் எழுதுங்கள். செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005இல் திறந்த கேஎல்பேக் (கோலாலம்பூர் நிகழ்கலை மையம்) அரங்கத்தில் மலாய், ஆங்கில நாடகங்கள் தொடர்ந்து நடக்கின்றன. தமிழ் நாடகம் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அவசியம் அங்கே போக வேண்டும். பின் வரிசையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ரசிகர்களை மட்டும் கவனியுங்கள். எந்த இடத்தில் இருமல் வருகிறது, எந்த இடத்தில் போன் வெளிச்சம் தெரிகிறது? கதை தொய்வதை அதைவிட நேர்மையாக யாரும் சொல்ல மாட்டார்கள். 1981இல் தொடங்கி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் நாட்டிய நாடகங்களையும் பாருங்கள். வசனமே இல்லாமல் கோபமும் ஏக்கமும் கடைசி வரிசைவரை எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று அங்கே புரியும்.

கோலாலம்பூரில் பொது அரங்கில் நீங்களே நாடகம் போடுவதானால் மாநகர மன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு நாடகப் பிரதியையும் கேட்பார்கள். ஆகவே பிரதியை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே உதவாது.

உங்கள் நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் திரைக்கதைக்குப் புதுக் கதை தேடாதீர்கள். நீங்கள் எழுதி, மேடையேறி, மக்கள் பார்த்த நாடகத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் அமைதியானார்கள் என்பது உங்களுக்கே தெரியும். திரைக்கதை எழுதுகிற மற்றவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

முழு நாடகத்தையும் உடனே மாற்ற வேண்டாம். அதில் ஒரு காட்சியை எடுத்து, பத்து நிமிடக் குறும்படமாக எழுதுங்கள். கைப்பேசியிலேயே எடுத்துப் பார்க்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் நாடகக் குழு நண்பர்களே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மேடை நடிகர்கள் கேமரா முன்னாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவார்கள். அதைக் குறைக்க இயக்குநர் பாடுபட வேண்டியிருக்கும். உங்கள் வசனமே நீளமாக இருந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வசனத்தை இறக்கி வைத்தல்

இதுதான் கடினமான படி. இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா. அம்மா இல்லை. ஒரே மகளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. மேடையில் இதை நாம் எப்படி எழுதுவோம்? பக்கத்து வீட்டுக்காரர் வருவார். அப்பா அவரிடம் சொல்வார்:

“இருவத்தெட்டு வருசம் பட்டறையில நின்னேன் தம்பி. அவ அம்மா போனப்பகூட ரெண்டு நாளுதான் லீவு போட்டேன். எல்லாம் இவளுக்காகத்தான். இப்ப மெல்பர்ன் போறேங்கிறா. போன்னு சொல்ல மனசு வரல, போகாதன்னு சொல்ல வாய் வரல.”

மேடைக்கு இது நல்ல வசனம். இருபதாவது வரிசையில் இருப்பவருக்கு அப்பாவின் கண் தெரியாது, கை நடுங்குவது தெரியாது. குரல்தான் எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்ற பாத்திரமே அப்பா பேசுவதற்கு ஒரு காது வேண்டும் என்பதற்காக வந்தவர். இனி அதே விஷயத்தைத் திரைக்கு எழுதிப் பார்ப்போம்.

காட்சி 7 – உள் – அடுக்குமாடி வீட்டுக் கூடம் – இரவு

எடை பார்க்கும் கருவியின் மேல் பெரிய பெட்டி. மகள் குனிந்து எண்ணைப் பார்க்கிறாள்: 24.6. பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் டப்பா ஒன்றை வெளியே எடுத்து வைக்கிறாள். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மகளின் போன் அடிக்கிறது. அவள் அறைக்குள் போகிறாள். அப்பா எழுந்து வந்து டப்பாவைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறார். அதற்குப் பதிலாக அவளுடைய கம்பளிச் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறார். மகள் திரும்பி வருகிறாள். பெட்டியைப் பார்க்கிறாள். அப்பாவைப் பார்க்கிறாள்.

மகள்: அப்பா, அங்க குளிரும்.
அப்பா: (தலை நிமிராமல்) சாப்பாடு?

பக்கத்து வீட்டுக்காரர் காணாமல் போய்விட்டார். இருபத்தெட்டு வருடமும் அம்மாவின் மரணமும் இந்தக் காட்சியில் இல்லை. அவை வேண்டுமானால் வேறோர் இடத்தில், சுவரில் ஒரு படமாகவோ நீண்ட சேவைச் சான்றிதழாகவோ வரலாம், வராமலும் போகலாம். ஆனால் மேடையில் இருந்த மிக முக்கியமான ஒன்று அப்படியே தங்கியிருக்கிறது: ஆளுக்கு வேறு வேறு ஒன்று வேண்டும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்காது. நாடகம் எழுதியவருக்கு இந்த மோதலைக் கண்டுபிடிக்கத் தெரியும். அதை ஒரு பொருளின் மேல், ஒரு கையசைவின் மேல் ஏற்றி வைக்கப் பழகினால் போதும்.

உங்கள் பிரதியில் இப்படிச் செய்து பாருங்கள். பென்சிலை எடுத்து, பேசுகிற இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலைச் சொல்லும் வரிகளை எல்லாம் அடியுங்கள். “உனக்குத்தான் தெரியுமே” என்று தொடங்கும் வரிகள் பெரும்பாலும் இதில் விழும். அடுத்து, ஒரு கதாபாத்திரம் தன் மனநிலையைத் தானே பெயர் சொல்லி அறிவிக்கும் வரிகள்: எனக்குப் பயமாக இருக்கிறது, நான் உடைந்துபோய்விட்டேன், இப்படி. அவற்றை வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைத் தேடுங்கள். செயல் கிடைக்காத இடத்தில் வசனத்தை விட்டுவிடலாம். எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல வசனம் திரையிலும் நல்ல வசனம்தான்.

இன்னொன்று, ஆட்கள் வந்து போவது. மேடையில் ஒருவரை உள்ளே கொண்டுவரக் காரணம் வேண்டும். அதனால்தான் நம் நாடகங்களில் யாராவது தேநீர்த் தட்டோடு வந்துகொண்டே இருப்பார்கள். திரையில் காட்சி நடுவிலேயே தொடங்கலாம், சண்டை முடியும் முன்பே வெட்டிவிடலாம். கதவைத் தட்டுவது, வாங்க உட்காருங்க, என்ன சாப்பிடுறீங்க, எல்லாம் போகட்டும். ஒவ்வொரு காட்சியிலும் முதல் மூன்று வரியையும் கடைசி மூன்று வரியையும் கையால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். புரிந்தால் அந்த ஆறு வரியும் தேவையில்லை.

நம் பேச்சு

சென்னைத் தொடர்களைப் பார்த்து வளர்ந்ததால், எழுத உட்கார்ந்ததும் பலருக்குச் சென்னைப் பேச்சு தானாக வருகிறது. அதை நிறுத்துங்கள். செந்தூல் பிள்ளை செந்தூல் பிள்ளை மாதிரி பேசட்டும். பாசாருக்கு (சந்தைக்கு) போகட்டும், தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கடன் சொல்லட்டும், மாமாக் கடையில் தே தாரேக் குடிக்கட்டும், மலாயும் ஆங்கிலமும் நடுவில் வந்து போகட்டும். 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ இந்த மண்ணின் பேச்சை ஒளிக்காமல் வைத்த படம். சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய அது, 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை வாங்கியது. நம் பேச்சு விருதுக்குத் தடை என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் அளவு பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டியும் பங்சாரில் வேலை செய்யும் பேத்தியும் ஒரே மாதிரி கலந்து பேச மாட்டார்கள். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் எந்த மொழி எப்போது வாயில் வரும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மலாய்க்கு மாறுகிறவர் உண்டு, அலுவலக விஷயத்துக்கு மட்டும் ஆங்கிலம் பேசுகிறவர் உண்டு.

திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு வரிக்குள் அடங்காத வசனம் அங்கே சுருங்கிவிடும். நீங்கள் ஆசையாக அடுக்கிய ஐந்து உவமையில் ஒன்றுதான் மற்ற இனத்து ரசிகருக்குப் போய்ச் சேரும்.

தாளில் எப்படி

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத்தில், கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் எழுதும் பிரதிக்கு. தமிழ் எழுத்தின் அகலமும் சொல்லின் நீளமும் வேறு. ஆகவே பக்கத்தை எண்ணாதீர்கள். வசனத்தை வாய்விட்டுப் படித்து, செயல்களைக் கண்ணை மூடிக் கற்பனை செய்து, கடிகாரம் வைத்து ஒவ்வொரு காட்சிக்கும் நேரம் குறியுங்கள்.

வடிவம் எளிது. காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா. கீழே கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும், நிகழ்காலத்தில். “அவன் பழைய காதலை நினைத்து வருந்துகிறான்” என்று எழுதினால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ்நாட்டில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டாகப் பிரித்து எழுதும் பழைய முறையும் உண்டு. எது வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

தட்டச்சுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் கைப்பேசியில் செல்லினமும் இருக்கின்றன. யூனிகோடில்தான் எழுத வேண்டும், பழைய எழுத்துருவில் அனுப்பினால் எதிரில் கட்டம் கட்டமாகத் தெரியும். திரைக்கதைக்கென்றே உள்ள சில மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சிதைத்துவிடும். வாங்குவதற்கு முன் ஒரு பக்கம் தட்டி, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். சாதாரண கூகுள் டாக்ஸே போதும் என்பது என் கருத்து.

இங்கே மட்டும் உள்ள ஒரு நடைமுறை. கேமராமேன், கலை இயக்குநர், ஒலிப்பதிவாளர் என்று குழுவில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பார்கள். அப்படிப்பட்ட குழுவுக்குக் காட்சி விவரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ, வசனம் மட்டும் தமிழில் இருந்தால் வேலை சுலபம். மலாய்ப் பள்ளியில் படித்து வந்த நடிகர் சிலருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காக வசனத்தை ரோமன் எழுத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதை வேறொருவரிடம் விட்டால் ‘பள்ளி’ ‘பல்லி’யாகிவிடும். நீங்களே செய்யுங்கள்.

யாரிடம் கொண்டுபோவது

முழுத் திரைக்கதையைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒன்லைன்: கதை இரண்டு வாக்கியத்தில். பிறகு ஒரு பக்கச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. முடிவை மறைத்து வைத்து ஆவலைத் தூண்டுவது போஸ்டருக்குச் சரி, தயாரிப்பாளருக்குச் சரிப்படாது. அப்புறம் பத்துப் பதினைந்து பக்க ட்ரீட்மெண்ட், அதாவது வசனம் இல்லாமல் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்லும் விரிவான சுருக்கம். இதோடு உங்கள் குறும்படத்தின் இணைப்பு. அவர்கள் கேட்டால்தான் முழுப் பிரதி.

தமிழ் நாடகங்களுக்கும் டெலிமூவிகளுக்கும் இங்கே முக்கிய இடங்கள் ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகள், பிறகு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். தொலைக்காட்சி. தனி எழுத்தாளராக நேரே போவதைவிட, அவர்களுக்கு ஏற்கெனவே நிகழ்ச்சி செய்து தரும் தயாரிப்பு நிறுவனத்தின் வழியாகப் போவதே நடக்கிற காரியம். படத் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் பினாஸ் உரிமம் வேண்டும். பினாஸ் என்பது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், உலு கிளாங்கில் இருக்கிறது. உங்களை அணுகும் நிறுவனத்துக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. பினாஸ் அவ்வப்போது நிதி உதவித் திட்டங்களையும் அறிவிக்கும். நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவர்கள் அறிவிப்பை நேரே படியுங்கள், நண்பர் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். மலாயில் ஒரு நல்ல கதைச் சுருக்கத்தை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

எழுதும்போதே படப்பிடிப்பு இடத்தை யோசியுங்கள். எல்.ஆர்.டி. நிலையம், பேரங்காடி, பத்துமலைக் கோவில், எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். அதே உரையாடல் அடுக்குமாடியின் மின்தூக்கி வாசலில் நடந்தால் கதை கெடுமா? கெடாது என்றால் மாற்றிவிடுங்கள். தணிக்கையும் அப்படித்தான். உள்துறை அமைச்சின் கீழ் உள்ள தணிக்கை வாரியம் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. மதம், இனம், அரசர் தொடர்பான காட்சிகளில் கவனமாக இருப்பார்கள். முழுக் கதையும் அப்படி ஒரே காட்சியில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தக் காட்சி போனதும் படமே போய்விடும்.

கையெழுத்துப் போடும் முன்

நம்மவர்கள் பலர் வெட்கத்தினால் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். “அண்ணன்தானே, பார்த்துக்கொள்வார்” என்று விட்டுவிடுவார்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த பிரதிக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. அது உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நிற்கும். தலையில் இருக்கும் யோசனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, எழுதி வைத்ததற்குத்தான். ஆதாரம் வேண்டுமானால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்ப அறிவிப்புச் செய்யலாம். 2012 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நீங்கள் எழுதிக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பதிப்புரிமை எழுதச் சொன்னவருக்கே மாறியதாகச் சட்டம் கொள்ளும். ஒப்பந்தத்தில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். நாடகம் எழுதியவருக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் நாடகத்தின் திரை உரிமையை மட்டும் கொடுங்கள். மேடையேற்றும் உரிமை, நூலாக வெளியிடும் உரிமை, வானொலி உரிமை எல்லாம் என்னிடமே இருக்கும் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாடகத்தை நீங்களே மறுபடி மேடையேற்ற இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டி வரலாம்.

பணத்தை ஒரே தவணையில் கடைசியில் வாங்கச் சம்மதிக்காதீர்கள். கையெழுத்தின்போது ஒரு பகுதி, ட்ரீட்மெண்ட் கொடுத்ததும் ஒரு பகுதி, முதல் பிரதிக்கு, இறுதிப் பிரதிக்கு என்று பிரிக்கலாம். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கட்டும். எண்ணிக்கை இல்லாத திருத்தம் முடிவே இல்லாமல் போகும். பெரிய தொகை என்றால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த வருமானத்துக்கு வரிக் கணக்கு உண்டு, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பிரதியைக் கொடுத்த பிறகு

ஒத்திகை வாசிப்புக்கு உங்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். நடிகர் ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்கினால் வரியை மாற்றுங்கள், நடிகரை மாற்றச் சொல்லாதீர்கள். படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநரைத் தாண்டி நடிகரிடம் பேச வேண்டாம். மேடையில் எழுத்தாளரே இயக்குநராகவும் இருந்து பழகியவர்களுக்கு இது மிகவும் சிரமமாக இருக்கும். சொல்ல வேண்டியதை இடைவேளையில் இயக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் வரி அங்கேயே மாறினால் குறித்துக்கொண்டு வாருங்கள். நிறைய நேரம் அந்த மாற்றத்திலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

கடைசியாக, டைட்டில், அதாவது படத்தில் வரும் பெயர்ப் பட்டியல். தமிழ்ப் படத்தில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் தனித்தனிப் பெயராக வரும். மூன்றும் உங்களுடையது என்றால் மூன்றிலும் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மூலம் ஒரு மேடை நாடகம் என்பதையும், அதன் பெயரோடு குறிப்பிடச் சொல்லுங்கள். டைட்டில் வரைவு தயாரானதும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, உங்கள் பெயர் தமிழிலும் ரோமனிலும் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டிங் அறையை விட்டுப் படம் வெளியே போய்விட்டால் திருத்துவது கடினம்.